சதுப்பில் ஒரு திவசம்

அநியாயம் நடந்தது பூரணத்துக்கு. நடந்த இடம் அருப்புக்கோட்டையில் அவளுடைய சொந்த வீட்டு மொட்டைமாடி. நடந்த நாள் அவள் புருஷன் சங்கரபாண்டியின் கருமாதி. செய்தது ஒரு காக்கை. இல்லை, காக்கையைச் சொல்லக் கூடாது, வாயில்லாத ஜீவன் மேல் பழியைப் போட்டால் அது இரண்டாவது அநியாயம், செய்தது தவமணிச் சித்தப்பாவும் அவர் முதுகுக்குப் பின்னால் தலையாட்டிக்கொண்டு நின்ற சொந்தபந்தமும்தான் என்று பூரணத்தின் மகள் சுடர்விழி தனக்குள் திருத்திக்கொண்டாள். ஒரு வருஷமாக இந்த வழக்கை அவள் மனசுக்குள் நடத்திக்கொண்டிருக்கிறாள். வாதியும் அவளே, வக்கீலும் அவளே, சில நேரம் சித்தப்பாவுக்காகவும் அவளே வாதாடி அவரையும் அவளே தோற்கடிப்பாள். அன்றைக்கு அம்மா ஈரத்தலையோடு இலையைப் போட்டுச் சோறு வைத்தாள். காக்கை வந்தது, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தது, தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்தது, பறந்துவிட்டது. கீழே பந்திக்கு இலை போட்டாச்சு. காக்கை எடுக்காமல் யாரும் சோற்றில் கை வைக்க முடியாது. பசி பொறுக்காமல் மாமன் மச்சான் எல்லாம் மாடியேறி வந்து கா கா என்று கத்துகிறார்கள், ஒருத்தர் கைதட்டிக் கூப்பிடுகிறார், ஒருத்தர் விசிலடிக்கிறார், அம்மா மட்டும் வாயைத் திறக்காமல் கும்பிட்ட கையோடு நிற்கிறாள். கடைசியில் சித்தப்பா தன் மகன் பிரசன்னாவைக் கூப்பிட்டு, "நீ வைடா" என்றார். அவன் வைத்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு காக்கை இறங்கிக் கொத்தியது. அவ்வளவுதான். "பாத்தீங்களா மதினி," என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சித்தப்பா சொன்னார். "பொம்பளப் பிள்ள கொள்ளி வச்சா அண்ணன் எப்படி மனசு குளுந்து எறங்குவாரு? ஒத்தப் பிள்ளைன்னு நீங்க குடுத்த எடத்துக்கு, உங்க கைச் சோத்தையே வேணாம்னுட்டாரு." அம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கப்புறம் இந்த ஒரு வருஷத்திலும் சொல்லவில்லை. பதில் சொன்னதெல்லாம் சுடர்விழிதான். அம்மா வைத்தபோது மாடியில் திருவிழாக் கூட்டம், பிரசன்னா வைத்தபோது பாதிப் பேர் பசி தாங்காமல் கீழே இறங்கியாச்சு, ஆள் குறைந்ததும் பறவை இறங்கியது, இதில் ஆத்மா எங்கே வந்தது, கோபம் எங்கே வந்தது என்று அங்கேயே நின்று கத்தினாள். "அமெரிக்காவுல தத்துவம் படிக்குதாம்ல, அதான் வாய் நீளுது" என்று சித்தி சொன்னதோடு அந்த விசாரணை முடிந்தது. எல்லாரும் சாப்பிடப் போனார்கள். சாப்பிட்டார்கள், ரெண்டாவது தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அதே பூரணம் இப்போது சுங்குடிச் சேலைக்கு அடியில் மகள் வாங்கிக் கொடுத்த கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு, ஃபுளோரிடாவின் தெற்கு முனையில் ஒரு சதுப்புநிலக் காப்புப் பூங்காவில், தண்ணீருக்கு மேலே கட்டிவிட்ட மரப்பாதையில் மெதுவாக நடந்துகொண்டிருந்தாள். இன்றைக்குத்தான் தலைத்திவசம். அருப்புக்கோட்டையில் பிரசன்னா வைப்பான், காக்கை எடுக்கும், இனிமேல் வருஷா வருஷம் அவனே வைக்கட்டும் என்று சித்தப்பா முடிவுகட்டிச் சொல்லிவிட்டார். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இங்கிலீஷில் நாலு வார்த்தை தெரியாதவள், மதுரைக்கு அந்தப் பக்கம் தனியாகப் போயிராதவள், மகளைப் பார்க்கப் போகிறேன் என்று விமானம் ஏறி வந்து இறங்கிவிட்டாள். விமான நிலையத்தில் அந்தத் தானியங்கிக் கதவு திறந்து சக்கர நாற்காலிக்காரர்களுக்கும் பூங்கொத்துக்காரர்களுக்கும் நடுவில் அம்மாவின் நெற்றி தெரிந்த அந்த நொடியை நினைத்தால் சுடர்விழிக்கு அம்மாவின் கையைப் பிடித்து ஏதாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. நன்றி என்று சொல்லலாமா அதை? பெற்றவளிடம் போய் நன்றி என்று எப்படிச் சொல்வது, தமிழில் அதைச் சொன்னால் மேடையில் மைக் பிடித்த மாதிரி இருக்கும், இங்கிலீஷில் சொன்னால் கடைக்காரனிடம் மீதிச் சில்லறை வாங்கின மாதிரி இருக்கும். அதனால் சொல்லவில்லை. சொல்லாதது உள்ளே கிடந்து கனக்கிறது. அம்மாவின் தோளில் தொங்கும் துணிப்பையில் ஒரு எவர்சில்வர் டப்பாவும் கனக்கிறது. அதில் சோறு, பருப்பு, எள்ளு, வாழைக்காய்ப் பொரியல், உளுந்த வடை. விடியற்காலையில் எழுந்து குளித்து அம்மா சமைத்தது. காரில் ஏறியதிலிருந்து அந்த நல்லெண்ணெய் வாசனை கூடவே வருகிறது. காலையிலிருந்து அம்மா பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் தொடவில்லை, காக்கை எடுத்த பிறகுதான் சாப்பிடுவாளாம். சர்க்கரை உள்ள உடம்பு. மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டாளா இல்லையா என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். நேற்றும் முந்தாநாளும் அடுக்ககத்துப் பால்கனியில் ஒத்திகை மாதிரி ஒரு பிடி வைத்துப் பார்த்தாள். அணில் வந்து தின்றுவிட்டுப் போனது. "எங்க பாரு, ரெண்டு கையாலயும் பிடிச்சுத் திங்குது" என்று சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை என்பதை மகள் பார்த்துவிட்டாள்.

பூங்காவுக்குக் கூட்டி வந்தது சுடர்விழியின் யோசனை. இந்த நாளை எப்படியாவது கடத்திவிட வேண்டும், அம்மாவின் கண்ணுக்கு முன்னால் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். "அங்க காக்கா இருக்குமா?" என்று அம்மா கேட்டபோது, "எல்லாப் பறவையும் இருக்கும்மா" என்றாள். அது பொய்யில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில். ஆனால் நுழைகிற இடத்திலேயே நட்டிருக்கிற பலகையில், இங்குள்ள எந்த உயிருக்கும் எதையும் தின்னக் கொடுப்பது சட்டப்படி குற்றம் என்று எழுதியிருக்கும் என்பது அவளுக்கு முதலிலேயே தெரியும். "என்ன போட்டிருக்கு?" என்று அம்மா நின்று கேட்டாள். "முதலை இருக்காம், பாத்துப் போகச் சொல்லுறாங்க." இது பொய்தான். தர்க்கத்தைப் பாடமாகப் படிக்கிறவள் சொன்ன பொய். அதற்கு முன்னால் வண்டி நிறுத்துகிற இடத்தில் நடந்தது வேறு கதை. காரை நிறுத்தி இறங்கினால் வரிசையாகக் கழுகுகள், கறுப்புக் கோட்டு மாட்டின மாதிரி, பிணந்தின்னிக் கழுகுகள், நடந்து வருகின்றன, அதுவும் அவசரமே இல்லாமல், கல்யாண வீட்டுக்கு மொய் எழுத வருகிறவர்கள் மாதிரி. திவச நாளில் முதல் சகுனமே இதுவா என்று சுடர்விழிக்கு வயிற்றில் ஒரு சில்லிப்பு. சகுனம் பார்க்கிறவள் இல்லை அவள், ஆனாலும் வயிறு தத்துவம் படித்ததில்லை. இந்தக் கழுகுகளுக்கு என்ன ருசியோ, காரின் ரப்பரைப் பிய்த்துத் தின்னும், வைப்பரை உருவிவிடும், அதற்காகவே பூங்காக்காரர்கள் நீலத் தார்ப்பாய் வைத்திருக்கிறார்கள், எடுத்துக் காரைப் போர்த்திக் கட்டிவிட்டுப் போக வேண்டும். அம்மாவும் மகளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கட்டினார்கள். "ரப்பரையா திங்குது?" என்றாள் அம்மா. "அப்ப உங்கப்பா பஸ்ஸுக்கு வந்திருந்தா பட்டினியிலதான் செத்திருக்கும். அந்த வண்டியில என்னைக்கு வைப்பர் இருந்துச்சு?" அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்த மனுஷனைப் பற்றி, அவர் செத்து ஒரு வருஷம் கழித்து, பெண்டாட்டி சொன்ன முதல் வேடிக்கை. சுடர்விழி தார்ப்பாயின் முடிச்சைப் போட்டபடியே குனிந்துகொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தனக்கே தெரியாத முகத்தை ஒரு கழுகு மட்டும் பார்த்தது.

இங்கே வெயில் நம்மூர் வெயில்தான், ஆனால் நனைத்துப் பிழிந்து காயப்போட்ட மாதிரி. தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாது. கோரைப்புல் கண்ணுக்கெட்டின வரைக்கும் நிற்கிறது, அதன் வேருக்கடியில் மொத்தத் தண்ணீரும் ஊர்ந்து கடலுக்குப் போகிறதாம். அல்லி இலைமேல் ஒரு கோழி, உடம்பு முழுக்க நீலமும் ஊதாவும், மஞ்சள் காலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, இலை முங்குவதற்குள் அடுத்த இலைக்குப் போகிறது. "பட்டுச்சேலை கட்டிட்டுச் சேத்துல நடக்குறவ மாதிரி" என்றாள் அம்மா. பாம்புத்தாரா ஒன்று கட்டையின் மேல் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கிறது. அதன் இறகில் எண்ணெய்ப் பசை கிடையாது, முங்கினால் நனைந்துவிடும், நனைந்தால் பறக்க முடியாது, ஆகவே இப்படி ரெண்டு கையையும் விரித்து நிற்க வேண்டும், வேறு வழியில்லை. அன்றைக்குச் சுடுகாட்டில் தானும் அப்படித்தான் நின்றோம் என்று சுடர்விழிக்குத் தோன்றியது. ஈரச்சேலை, தோளில் கொள்ளிக்குடம், ஓட்டை போடப்போட முதுகில் வழிகிற தண்ணீர், சுற்றிலும் ஆண்கள், அவர்களில் பாதிப் பேருடைய கண் தரையில். பொம்பளைகள் சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்று தெருமுனையில் நிறுத்தினார்கள். அம்மா நிற்கவில்லை. "எம்பிள்ள தனியாப் போகாது" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு நடந்தாள். மூன்றாவது சுற்று முடிந்து கொள்ளியைக் கையில் கொடுத்தபோது சுடர்விழியின் கால் நகரவில்லை. அப்போது முதுகில், சரியாக இடுப்புக்கு மேலே, ஒரு உள்ளங்கை. தள்ளவில்லை. வெறுமனே இருந்தது. அந்தச் சூடு இன்னும் அந்த இடத்தில் இருக்கிறது. இதோ இப்போதும், கைப்பிடியில் சாய்ந்து நிற்கும்போது, தொட்டால் தெரியும்போல இருக்கிறது. அந்த ஒரு கைக்குத்தான் சித்தப்பா தண்டனை கொடுத்தார். அந்தக் கை வைத்த சோற்றைத்தான் காக்கை தொடவில்லை என்றார். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் தண்டனை வந்து விழுந்தது, விழுந்தது அம்மாவின் தலையில். காரணம் யார்? தான் தள்ளி நின்றிருக்கலாம், கொள்ளியைப் பிரசன்னாவே வைக்கட்டும் என்று விட்டிருக்கலாம், இப்போது அம்மா காலையில் எழுந்து காபி குடித்திருப்பாள். இந்த எண்ணம் வந்ததும் சுடர்விழி அதை மறித்தாள். இல்லை. அது அவர்கள் வாதம். என் வாயில் அவர்கள் வாதத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்பா இருந்தால், "அந்தப் பக்கத்து நியாயத்தையும் முழுசாச் சொல்லு, அப்புறம் உடைப்போம்" என்பார். ராத்திரி டியூட்டி இல்லாத நாட்களில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து மகளோடு வேண்டுமென்றே எதிர்க்கட்சி பேசுவார். தோற்றால் விசிலை எடுத்து ஊதி, "வண்டி நின்னிருச்சு, எல்லாரும் எறங்குங்க" என்பார். எத்தனை ஆண்பிள்ளைகளுக்கு அப்படி ஒரு அப்பா கிடைத்திருக்கும்? அவருக்கும் நன்றி சொல்லவில்லை. அவர் பஸ் நிலையத்தில் டீக்கடை பெஞ்சில் சாய்ந்த மாதிரியே போய்விட்டார். இவள் இங்கே ஏதோ ஒரு கருத்தரங்கில் நியாயம் என்றால் என்ன என்று பேசிக்கொண்டிருந்தாள்.

"சுடரு." அம்மாவின் குரல் மாறியிருந்தது. "வந்திருச்சு." கைப்பிடியின் மேல், ஒரு கை நீட்டினால் தொடும் தூரத்தில், காக்கை. நம்மூர்க் காக்கைக்குக் கழுத்தில் சாம்பல் இருக்கும், இதற்கு அலகிலிருந்து வால் வரைக்கும் ஒரே கறுப்பு, ஆளும் சின்னது. வாயைத் திறந்து மூக்கால் கத்தியது. "சளி பிடிச்சிருக்குபோல" என்று அம்மா முணுமுணுத்தாள், ஆனால் கை அதற்குள் பைக்குள் போயிருந்தது. டப்பாவின் மூடி திறக்கிற சத்தம். எள்ளும் நெய்யும் சேர்ந்த வாசனை. காக்கை தலையைச் சாய்த்துப் பார்த்தது, அதே சாய்ப்பு, அதே பார்வை, கடல் தாண்டியும் இந்தப் பார்வை மாறவில்லை. சுடர்விழி அம்மாவின் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தாள். தடுக்க வேண்டும். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று இப்போதாவது சொல்ல வேண்டும். சொன்னால், அம்மாவின் கையை மறித்தவர்கள் வரிசையில் கடைசி ஆளாகத் தானும் போய் நிற்க வேண்டும். சித்தப்பா, சித்தி, தெருமுனையில் நின்ற ஆண்கள், அப்புறம் மகள். மாட்டேன். வைக்கட்டும். ஒரு பிடி சோற்றில் இந்தச் சதுப்பு கெட்டுப்போகாது. கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன், என்ன அபராதம் போடுவார்கள், போடட்டும், ஒரு மனுஷி ஒரு வருஷமாக வாசலில் நிற்கிறாள், ஒரு பறவை வந்து கதவைத் திறக்கப்போகிறது. எடுத்துவிடும், இந்தக் காக்கை எடுத்துவிடும், அப்புறம் அந்த மொட்டைமாடி, அந்தக் கூட்டம், எல்லாம் பொய்யாகிவிடும். ஆனால் எடுக்காவிட்டால்? இந்த யோசனை அதுவரை வரவே இல்லை. பூங்காக்காரர்கள் பிடிப்பார்களோ என்று பயந்தாளே ஒழிய, காக்கை எடுக்காமல் போனால் என்ன ஆகும் என்று பயப்படவில்லை. அம்மா வெறும் வயிற்றோடு கும்பிட்ட கையோடு இங்கேயும் நிற்பாள். பூமியின் அந்தப் பக்கமும் வேண்டாம் என்றார், இந்தப் பக்கமும் வேண்டாம் என்கிறார் என்று ஆகிவிடும். காக்கை எடுத்தால் சந்தோஷம் என்று நினைத்த அந்த நொடியிலேயே, எடுக்காவிட்டால் தண்டனை என்பதையும் தான் ஒத்துக்கொண்டாகிவிட்டது, ஒரு வருஷம் வாதாடிய வழக்கில் எதிராளியின் கையெழுத்துக்குப் பக்கத்தில் தானே கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மாவின் விரல் நடுங்கியது. பக்தியா, சர்க்கரை இறங்குகிறதா? சோறு உருண்டையாகிக் கைப்பிடிக் கட்டையை நோக்கிப் போகிறது.

"மன்னிக்கணும்" என்று பின்னாலிருந்து இங்கிலீஷில் ஒரு குரல். வனக்காவலர், நடுவயசுப் பெண், அகலத் தொப்பி, கழுத்தெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது. அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. சுடர்விழி திரும்பியதும் பேச ஆரம்பித்துவிட்டாள். நிறுத்தவே முடியவில்லை. இன்று என் அப்பாவின் நினைவு நாள், இது தீனி போடுவதில்லை, இது எங்கள் வழக்கம், பறவை உண்ட பிறகுதான் என் அம்மா உண்பார், அவர் காலையிலிருந்து பட்டினி, உங்கள் சட்டம் எழுதினவர்கள் இப்படி ஒரு பெண்ணை மனசில் வைத்து எழுதினார்களா, எழுதியிருக்க மாட்டார்கள், அப்படியானால் அது எப்படி நியாயமான சட்டம்... மூச்சு வாங்கியது. அந்தப் பெண் குறுக்கே பேசவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள், கோபமில்லாமல், விட்டுக்கொடுக்காமலும். "என்னால் அனுமதிக்க முடியாது. இங்கே எதற்கும் யாரும் கொடுப்பதில்லை. கையிலிருந்து வாங்கிப் பழகிவிட்டால் அது தேடுவதை விட்டுவிடும், ஆட்களையே சுற்றிவரும். அப்புறம் அது இந்தத் தண்ணீரின் பறவை இல்லை." அதற்கும் சுடர்விழியிடம் பதில் இருந்தது, ரெண்டு மூன்று பதில்கள் இருந்தன, ஆனால் அம்மா முழங்கையைத் தொட்டாள். "என்ன சொல்லுது அந்தப் பொம்பள? திட்டுதா?" "திட்டலம்மா." "பின்ன தொப்பியக் கழட்டிட்டு நிக்குது?" "அப்பாவுக்காக." அம்மா அந்தப் பெண்ணை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். "சரி, என்னதான் சொல்லுது?" மொழிபெயர்க்கிறவள் கையில் எவ்வளவு அதிகாரம். மாற்றிச் சொல்லலாம், பாதி சொல்லலாம், முதலை என்று சொல்லித் தப்பித்த மாதிரி இன்னொன்று சொல்லலாம். "வைக்கக் கூடாதாம்மா" என்றாள். வாயிலிருந்து வந்த வார்த்தை சித்தப்பாவின் வார்த்தை மாதிரியே இருந்தது. அவசரமாக மீதியையும் சொன்னாள், ஒன்று விடாமல் சொன்னாள், பலகையில் எழுதியிருப்பதையும் சொன்னாள், தான் மறைத்ததையும் சொன்னாள். அம்மா அந்த மறைத்ததைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறு எதையோ பிடித்துக்கொண்டுவிட்டாள். "அப்ப இதுகளுக்கு யாருமே போடுறதில்லயா? கேளு." கேட்டாள். யாரும் இல்லை. "தண்ணி வத்துற காலத்துல?" அதையும் கேட்டாள். முதலைகள் சேற்றைக் கிளறிப் பள்ளம் பறிக்குமாம், அதில் தண்ணீர் தங்குமாம், மீன், நத்தை, ஆமை, பறவை எல்லாம் மழை வருகிறவரை அங்கே போய்ப் பிழைத்துக்கொள்ளுமாம். "முதல பறிச்ச குழியில கொக்கு பொழைக்குது" என்று அம்மா மெதுவாக, கணக்குச் சரிபார்க்கிற மாதிரி சொல்லிப் பார்த்தாள். உருண்டையை மறுபடியும் டப்பாவுக்குள் வைத்தாள். மூடியை அழுத்தினாள். அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையாட்டி, தனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில் ஒன்றைச் சொன்னாள். "தேங்க்யூ." சுடர்விழி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். தடுத்தவளுக்கா நன்றி?

காக்கை காத்திருந்து பார்த்தது. டப்பா திறக்காது என்று தெரிந்ததும் அதற்கு ஒரு வருத்தமும் இல்லை. இறக்கையை ஒரு தட்டுத் தட்டி இறங்கி, தண்ணீரோரச் சேற்றில் நடந்து, கோரைத் தண்டுகளுக்குள் அலகை விட்டு, ஒரு பெரிய நத்தையை உருவியெடுத்தது. கட்டையில் கொண்டுபோய் வைத்துக் காலால் மிதித்துக்கொண்டு குத்திக் குத்தித் தின்றது. நிதானமாக, சத்தம் போட்டு, யாருடைய அனுமதியும் கேட்காமல். அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அழப்போகிறாள் என்று சுடர்விழி நினைத்தாள். அழுதால் என்ன சொல்வது, எப்படிப் பிடித்துக்கொள்வது, காரில் சாக்லேட் இருக்கிறது, பக்கத்தில் ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது, எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் ஓடியது. அந்தப் பெண் தொப்பியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் நடந்துவிட்டாள், ஒரு அபராதச் சீட்டு எழுதவில்லை, பெயர்கூடக் கேட்கவில்லை. நீர்க்கோழி கத்தியது. தூரத்தில் ஏதோ கனமானது தண்ணீரில் புரண்டது. அம்மா முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டாள், வியர்வையைத்தான். "பசிக்குது சுடரு" என்றாள்.

ஒரு வருஷமாகக் கேட்காத வார்த்தை. அருப்புக்கோட்டையிலிருந்து தினமும் போனில், சாப்பிட்டியாம்மா என்றால், ஆச்சு என்பாள்; அந்த ஆச்சுக்குள் எத்தனை காலைகள் மொட்டைமாடியில் காக்கைக்குக் காத்து நின்று ஆறிப்போன சோறு என்று அடுத்த வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும். சாப்பிட அனுமதியுள்ள மேஜை வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு பெரிய அத்திமர நிழலில் இருந்தது. சுடர்விழியை டப்பாவைத் திறக்கக்கூட விடவில்லை அம்மா, தானே திறந்தாள், மூடியில் மகளுக்குப் பாதியை எடுத்து வைத்தாள். முதல் பிடியைப் பிசைந்து கையில் எடுத்ததும் கொஞ்சம் நின்றாள். எங்கேயோ பார்த்தாள். தார்ப்பாய் போர்த்திய கார்களைப் பார்த்தாளா, கழுகுகளைப் பார்த்தாளா, அருப்புக்கோட்டை மாடியைப் பார்த்தாளா தெரியவில்லை. அப்புறம் அதை வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றாள். யாரும் எடுக்காத, யாரும் தொட்டு அனுமதி கொடுக்காத சோறு, முதல் வாய் அம்மாவுடையது. சுடர்விழியும் சாப்பிட்டாள். வாழைக்காய் இவ்வளவு ருசியா? அவளுக்குள் ஒரு வருஷமாக நின்றுகொண்டிருந்த அந்த வக்கீல் என்ன செய்வதென்று தெரியாமல் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். யார் யாருக்கெல்லாம் நன்றி சொல்வது, அன்றைக்கு மாடியில் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத் தன் பாட்டுக்குப் பறந்துபோன அந்தக் காக்கைக்குமா? அதன் இஷ்டம் அது, அதற்குப் பசியில்லை, அல்லது கூட்டம் பிடிக்கவில்லை, அதுவும் ஒரு பறவை. முதல்முறையாக அதன் பக்கம் நின்று யோசித்தாள். மனசு லேசாக, வெட்கமாக, சோற்றுக் கையோடு அம்மாவின் முட்டியில் முகத்தை இடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. வடையில் பாதியைப் பிய்த்து அம்மாவின் டப்பாவில் வைத்தாள். "நீ தின்னு, எலும்பாப் போயிட்ட" என்று அது திரும்பி வந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. திரையில் தவமணிச் சித்தப்பா. சுடர்விழியின் கை தானாகப் போனது, எடுத்துப் பேச, சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக நாக்கில் வந்து நின்றது. அம்மா இடது கையை நீட்டினாள். "குடு. எனக்குத்தான் வருது." ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள். "மதினி, நல்லாருக்கீங்களா? இங்க பிரசன்னா வச்சான். வச்ச கையோட கொத்திட்டுப் போயிருச்சு, ரெண்டு காக்கா வந்துச்சு" என்றார் சித்தப்பா, குரலில் வருத்தம் மாதிரி ஒன்றைப் பூசிக்கொண்டு. "உங்களுக்கு அங்கிட்டு எப்படி? அந்த ஊருல காக்கா எங்க இருக்கப்போகுது. நீங்க வச்சதை எடுத்துச்சா, இல்ல..." அந்த 'இல்ல'யை அவர் முடிக்காமல் இழுத்து விட்டார். ஒரு வருஷமாக இழுத்துக்கொண்டிருக்கிற அதே இழுவை. அம்மா வாயிலிருந்ததை மென்று முழுங்கி, தண்ணீர் ஒரு மடக்குக் குடித்து, போனுக்குக் கொஞ்சம் குனிந்தாள்.

"காக்காய்க்கு ஒண்ணும் கொறச்சலில்ல தம்பி, வந்துச்சு. நான்தான் வைக்கல. இங்க எதுவும் அடுத்தவங்க வைப்பாகன்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறதில்லயாம், தானாத் தேடித் திங்குது. உங்கண்ணன் மட்டும் என்ன? பந்தியில எல்லாரும் கை கழுவுன பெறகு சட்டியச் சொரண்டித் தானாப் போட்டுத் தின்ன மனுசன், ஒருநா ஒரு பொழுது என் சோறு வேணாம்னு சொன்னதில்ல. அவரு சொல்லாததை நீங்க சொன்னீங்க, நானும் ஒரு வருசம் அதை அவரு சொன்னதா நெனச்சு மாடியில நின்னுட்டேன். இனி நிக்க மாட்டேன். நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன் தம்பி, அப்புறம் பேசுங்க."